சோறு கேட்கத் தெரியாதவன் (கடிதம்)

அன்புள்ள சார்,

நான் மார்த்தாண்டம் பக்கத்துக்காரன். முதுகலை உயிர்வேதியியல். பரிமாற்ற மாணவனாக ஒரு செமஸ்டருக்கு ஜெர்மனியில் ஹாலே என்ற ஊருக்கு வந்திருக்கிறேன். யாரும் கேள்விப்படாத ஊர். வகுப்பு ஆங்கிலத்தில்தான். ஆனால் லேபிலும் மென்ஸா என்கிற பல்கலைக்கழக உணவகத்தில் சாப்பிடும்போதும் எல்லாரும் ஜெர்மனில் பேசுகிறார்கள். நான் சும்மா இருப்பேன். நாலு மாதத்துக்காக ஒரு மொழியைப் படித்து என்ன ஆகப்போகிறது? அறையில் நாங்கள் மூன்று தமிழர், ஒரு தெலுங்கர். சனிக்கிழமை லைப்சிக் போய் அரிசி வாங்கி வருவோம். 30 கிரெடிட் எடுக்க வேண்டும். ஒரு பாடத்தை என் கல்லூரி ஏற்காது போலிருக்கிறது. வந்ததே வீணோ? தனிமைக்கு ஏற்ற புத்தகங்கள் சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கிரெடிட் விஷயம் என்னிடம் கேட்க வேண்டியதல்ல. என்னென்ன பாடம் படிக்கப்போகிறீர்கள் என்று எழுதிய லேர்னிங் அக்ரிமென்டில் நீங்கள், உங்கள் கல்லூரி, அந்தப் பல்கலைக்கழகம் என்று மூன்று தரப்பும் கையெழுத்துப் போட்டிருக்கும். பாடத்தை மாற்றினால் மாற்றத்துக்கும் மூன்று கையெழுத்து வேண்டும். இன்றைக்கே இரண்டு பக்க ஒருங்கிணைப்பாளருக்கும் மின்னஞ்சல் போடுங்கள். அப்புறம், அங்கே 1 என்றால் முதல் தரம், 5 என்றால் தோல்வி. இதை இப்போதே அம்மாவிடம் சொல்லி வையுங்கள். இல்லையென்றால் மார்க்கைக் கேட்டு அழுவார்கள்.

யாரும் கேள்விப்படாத ஊரா? போன மாதம்தான் நம் குமரி மாவட்டத்து மயிலாடிக்குப் போயிருந்தேன். சிற்பக்கூடங்களின் உளிச்சத்தம் கேட்டுக்கொண்டே நடந்தபோது உங்கள் ஊரைத்தான் நினைத்தேன். 1806-இல் ஆரல்வாய்மொழி வழியாக வந்து மயிலாடியில் தங்கிய மிஷனரி ரிங்கல்தௌபே படித்தது ஹாலேயில். அவருக்கு நூறு வருடம் முன்னால், 1706-இல், தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்கும் ஹாலே மாணவர். நம் மாவட்டத்துப் பழைய பள்ளிக்கூடங்கள் பலவற்றின் கதையைப் பிடித்துக்கொண்டு போனால் அங்கே போய் முட்டும். அவர்கள் வந்த நோக்கத்தோடு எனக்குத் தகராறு உண்டு, அது வேறு கட்டுரை. ஆனால் சீகன்பால்கு தமிழ் படித்த விதத்தைப் பாருங்கள். கப்பலைவிட்டு இறங்கியபோது 24 வயது நிறைய ஒரு நாள் பாக்கி. திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தன் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் படித்தார். அந்தப் பிள்ளைகள் சிரிக்காமலா இருந்திருப்பார்கள்? 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வந்துவிட்டது.

நீங்களோ லைப்சிக் போய் அரிசி வாங்குகிறீர்கள்.

அரிசி வாங்குவது தப்பில்லை மக்களே. நானும் சோற்றுக்காரன்தான். ஆனால் "நாலு மாதத்துக்காக" என்று எழுதினீர்களே, அது பொய். காலம் போதாது என்பதா உங்கள் கவலை? சிரிப்பார்களே என்ற பயம். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

1984-இல் குழித்துறையில் பாசஞ்சர் ஏறித் திருவனந்தபுரத்துக்குப் படிக்கப் போனேன். ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். அதைப் போய் வெளிநாடு என்கிறாரே என்று நீங்கள் நினைக்கலாம். முதல் நாள் ராத்திரி ஹாஸ்டல் மெஸ்ஸில் தட்டை நீட்டி "சோறு" என்றேன். அவர்கள் வாயில் அது "ச்சோறு". என் சகாரத்தில் காற்று மட்டும்தான் வந்தது. மேசை முழுக்கச் சிரித்தது. ஒருவன் "பாண்டி" என்றான். தமிழனை அவர்கள் கேலியாக அழைப்பது அப்படித்தான். மூன்று வருடமும் அதுதான் என் பெயர்.

அன்றைக்கு வாயை மூடியவன் கிறிஸ்துமஸ் லீவு வரைக்கும் திறக்கவில்லை. தட்டை நீட்டுவேன், விழுந்ததைத் தின்பேன். பசித்தாலும் இரண்டாவது தடவை கேட்க மாட்டேன். ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களோடு மட்டும் தமிழ். சனிக்கிழமை ஆனால் வீடு. உங்கள் கடிதத்தைப் படித்ததும் வயிற்றில் ஏதோ செய்தது, இதனால்தான்.

பரிமாறுகிற பெரியவர் ஒருவர் ஒரு நாள் கரண்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டார்: "வாயில்லேடா? சோதிக்கு!" மலையாளத்தில் அதற்குக் கேள் என்று பொருள். எனக்கோ பரீட்சை வைக்கிறார் என்று தோன்றியது. கேட்டேன். மறுபடியும் எல்லாரும் சிரித்தார்கள். சோறு விழுந்தது, இரண்டு கரண்டி. அன்றிலிருந்து தப்புத் தப்பாக, வெட்கம் கெட்டுப் பேச ஆரம்பித்தேன். இன்றைக்கு எனக்கு மலையாளத்தில் இருக்கிற நண்பர்கள் எல்லாரும் அந்தத் தப்பு மலையாளம் கொண்டுவந்து சேர்த்தவர்கள். வாய் மூடிக் கிடந்த ஆறு மாதத்தில் யார் யாரை இழந்தேன் என்பது மட்டும் தெரியவே தெரியாது.

படிப்பு முடிந்து மதுரைக்கு வேலைக்குப் போனால், "எனக்க வீட்டிலே" என்று வாயெடுத்ததும் "சாருக்குக் கேரளாவா?" என்றார்கள். வடக்கே போனால் பாண்டி, கிழக்கே போனால் மலையாளி. 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் எங்கள் விளவங்கோடு தாலுகாக்காரனுக்கு இதுதான் விதி. ஆனால் என் பாட்டிக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளைச் சந்தையில் வாழைக்குலை விற்பாள். இந்தப் பக்கத்து ஆளிடம் தமிழில் விலை சொல்லி, அந்தப் பக்கத்து ஆளிடம் மலையாளத்தில் சண்டை பிடிப்பாள். எது எந்த மொழி என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். கையெழுத்துப் போடத் தெரியாதவள். அந்தச் சந்தையைத் தாண்டிப் போன ஊர்க்காரர் நீங்கள், மென்ஸாவில் உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பதற்கு இலக்கணம் பார்க்கிறீர்கள்!

ஹாலேயில் பிராங்கே என்ற பாதிரியார் நிறுவிய அநாதை இல்லக் கட்டடங்கள் இன்றும் இருக்கின்றன. அங்கே தமிழ் ஓலைச்சுவடிகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். இந்தச் சனிக்கிழமை அரிசி வாங்குவதை மற்ற மூன்று பேரிடம் விட்டுவிட்டு அங்கே போங்கள். வாசலில் இருப்பவரிடம் ஜெர்மனில் கேளுங்கள். அவர் ஆங்கிலத்துக்குத் தாவினாலும் நீங்கள் தாவ வேண்டாம்.

புத்தகப் பட்டியல் கேட்டிருந்தீர்கள். தர மாட்டேன். பிப்ரவரி வரைக்கும் தமிழில் எதையும் படிக்க வேண்டாம், என் தளம் உட்பட. இங்கே இப்போது சாயங்காலம் நாலரை. அங்கே மதியம் பன்னிரண்டு. மென்ஸாவில் கூட்டம் சேரத் தொடங்கியிருக்கும். போய்த் தட்டை எடுங்கள்.