ஃபிளாக் ஃபுட்போலில் (ஆளை விழுத்தாமல் இடுப்பில் செருகிய துணிக் கீலத்தைப் பிடுங்கி நிறுத்தும் அமெரிக்கன் ஃபுட்போல்) சின்னப் பிள்ளைகளுக்கு எந்தத் தடுப்பு அமைப்பை முதலில் பழக்கலாம்?

யாழ்ப்பாணத்தில் 10, 11 வயதுப் பிள்ளைகளுக்கு ஐவர் ஆட்டம் பழக்குகிறேன், ஆளுக்கு ஆள் மறிப்பதா, ஆளுக்கொரு இடத்தைக் காக்கும் ஸோனா என்று கேட்டிருக்கிறீர்கள். ஸோன்தான், அதிலும் முன்னுக்கு மூன்று பேர், பின்னுக்கு இரண்டு பேர். ஆளுக்கு ஆள் என்று விட்டால் ஒரு பிள்ளை பிந்தினாலே போதும், பின்னால் மறிக்க ஒருவரும் இருக்க மாட்டார்கள், நேரே டச்டவுன், அதாவது கடைசிக் கோட்டைக் கடந்து புள்ளி. ஸோனில் எல்லோருடைய கண்ணும் பந்தை எறியும் குவாட்டர்பேக்கில் இருப்பதால் பந்து கையை விட்டதும் பக்கத்தில் நிற்பவரும் ஓடிவந்து உதவலாம். எங்கள் பெடியள் உதைபந்தாட்டப் பழக்கத்தில் பந்து போகிற பக்கமே எல்லோருமாக ஓடுவார்கள், அதனால் சுண்ணாம்பால் ஐந்து கட்டம் கீறி, பந்தை எறியும் வரை அவரவர் கட்டத்தை விடக்கூடாது என்று சொல்லுங்கள். முன்னுக்கு இரு ஓரத்திலும் நிற்பவர்கள் ஓடுகிறவரை வெளிப்பக்கம் விடாமல் உள்ளே திருப்ப வேண்டும், இது மிக முக்கியம்.

அப்புறம், கபடி மாதிரி ஆளைப் பிடித்தால் தண்டனை. இடுப்பில் துணிக் கீலம் செருகி, அதை மட்டும் பிடுங்கும் பயிற்சியை ஒவ்வொரு நாளும் கொடுங்கள். கண் ஓடுகிறவரின் இடுப்பில் இருக்கட்டும். குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்பவர் பொதுவாகப் பந்து இருக்கும் கோட்டிலிருந்து 7 யார் தூரம் தள்ளி நின்றுதான் தொடங்க வேண்டும். கட்டங்கள் பழகிய பிறகு முன் நடுவில் நிற்பவரை அதற்கு விட்டால் சரி.