டீச்சர் பதில்கள்: முகவையின் எல்லைக்கல் எங்கே நிற்கிறது?

கேள்வி: டீச்சர், எனக்குச் சொந்த ஊர் கீழக்கரை. சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். ஊர் கேட்டால் ராமநாதபுரம் என்பேன். "மதுரைப் பக்கம்தானே" என்கிறார்கள். இல்லை என்றால், "எல்லாம் தமிழ்நாடுதானே, இதில் என்ன தனி?" என்கிறார்கள். நமக்கென்று தனிப் பண்பாடு இருக்கிறதா? இருந்தால் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?
— கீழக்கரை மாணவி

பதில்: முகவைக்கு, அதாவது நம் ராமநாதபுரத்துக்கு, தனிப் பண்பாடு இருக்கிறது, மகளே. ஆனால் அதை மாவட்ட வரைபடத்தில் தேடாதே. மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து எடுத்த பகுதிகளைச் சேர்த்து 1910-ல் ராமநாதபுரம் மாவட்டத்தை உண்டாக்கினார்கள். 1985-ல் அதை மூன்றாகப் பிரித்தார்கள். அதுவரை சிவகாசியும் காரைக்குடியும் நம் மாவட்டம்தான். சிவகாசித் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போன தாயும் கீழக்கரை உம்மாவும் 75 வருடம் ஒரே கலெக்டருக்கு மனு எழுதினார்கள். அதனால் இரண்டு வீட்டுக் குழம்பும் ஒன்றாகிவிடவில்லை.

நான் முதுகுளத்தூர்ப் பக்கம் முண்டு மிளகாய் போடுகிற வீட்டில் பிறந்தவள். வேலை கிடைத்துப் பாம்பனுக்கு வந்த முதல் வருடம், கடலைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு பையன் "எங்கள் ஊரில் இரண்டு கடல் இருக்கிறது" என்று தொடங்கியிருந்தான். சிவப்பு மையால் அடித்துவிட்டேன். மறுநாள் அவன் அப்பா வந்தார். சண்டைக்கு வரவில்லை; "வாங்க டீச்சர்" என்று கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாலத்துக்கு இந்தப் பக்கம் வடகடல், அந்தப் பக்கம் தென்கடல் என்று கையை நீட்டிக் காட்டினார். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கலங்கிக் கிடக்கும், தென்கடலில் தொழில் நடக்கும். கச்சான் வீசினால் அப்படியே மாறும். காற்றைப் பார்த்துப் படகை இந்தக் கடலிலிருந்து அந்தக் கடலுக்குக் கொண்டுபோகிறவர்கள் அவர்கள். பாக் நீரிணை, மன்னார் வளைகுடா என்று நான் பாடப்புத்தகத்திலிருந்து நடத்திக்கொண்டிருந்த அதே இரண்டைத்தான் அந்தப் பையன் எழுதியிருந்தான். அவன் நோட்டை வாங்கி மதிப்பெண்ணைத் திருத்தினேன். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு பஸ் மாறி வந்த எனக்கு, அங்கே காற்றின் பெயர்கூடத் தெரிந்திருக்கவில்லை.

உன் ஊரையே எடுத்துக்கொள். நீ வாப்பா என்கிறாய். என்னோடு படித்த தோழிகளும் இஸ்லாமியர்கள்தான். அவர்கள் அத்தா என்றார்கள். மிளகாய்க் காட்டுக்கும் கடலுக்கும் நடுவில் எங்கேயோ அத்தா நின்றுபோய் வாப்பா தொடங்குகிறது. அந்த வாப்பா கரையோரமாகவே காயல்பட்டினம் வரை போகிறது, கடலைத் தாண்டி இலங்கைக்கும் போகிறது. பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும் வழக்கமும் உங்களுக்கும் காயலுக்கும் பொது. எங்கள் பக்கம் பெண்தான் மூட்டை கட்டிக்கொண்டு புகுந்த வீடு போகவேண்டும். உங்கள் தொதலை நினைத்துப் பார். கருப்பட்டி நம் பனையுடையது, பேர் மலாய்க்காரர்களுடையது. மரக்கலம் போய்வந்த தூரம் அந்த ஒரு துண்டு இனிப்பில் இருக்கிறது. ஆகவே "மதுரைப் பக்கம்" என்பதை நீ தயங்காமல் மறுக்கலாம்.

"எல்லாம் தமிழ்நாடுதானே" என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி நம்மோடு சேர்வதற்கு முன், அதற்காக 1954-ல் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வரையக் கேட்ட எல்லை பெரியது, தேவையானது. ஆனால் வாப்பாவும் அத்தாவும் ஒன்றாகிப் போகட்டும் என்று அவர்கள் கேட்கவில்லை.

எங்கே முடிகிறது என்று கேட்டாய். என் கணக்கு இது. எங்கள் மிளகாய் மூட்டை கடற்கரைக்கு வரும், உங்கள் கடற்கரைக் கருவாட்டுக் கூடை உள்நாட்டுச் சந்தைக்குப் போகும். இரண்டும் ஒரே சட்டியில் கொதிக்கிற ஊர் எதுவோ, அதுவரை முகவை. சிவகங்கைப் பக்கத்துச் சில கிராமங்களையும் இதில் சேர்த்துக்கொள்வேன். மாவட்டம் வேறாக இருந்தால் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறோம். பல தலைமுறையாகப் பரமக்குடியில் தறிதான் தொழில். இன்னமும் "நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள்?" என்று கேட்கிறார்கள். நாங்கள் முகவைக்காரர்கள் இல்லையா?
— பரமக்குடி வாசகர்

பதில்: நீங்கள் முகவைக்காரர்கள்தான். ராமேசுவரம் கோயில் கருவறையில் பூசை செய்பவர்கள் மராட்டிய மரபினர். காசிக்குப் போகிறவர் இங்கிருந்து மணல் எடுத்துப்போகிறார், கங்கை நீரோடு திரும்பி வருகிறார். வந்தவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இந்தச் சேதுக்கரையில் மிஞ்சுவது குறைவு. கேட்டவர் வீட்டுக் கல்யாணச் சேலை உங்கள் தெருவில் நெய்ததாகவே இருக்கலாம்.

கேள்வி: "தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்" என்று மிரட்டுவதற்கு நம் மாவட்டத்தைத்தான் சொல்கிறார்கள். உங்களுக்குக் கோபம் வராதா?
— தொண்டி வாசகர்

பதில்: வருகிறது. நம்மைப் பார்த்திராதவர்கள் நம்மேல் ஒட்டிய பெயர் அது. ஊருணித் தண்ணீரில் கால் நனைத்ததற்காக என் அப்பத்தா என்னை அடித்திருக்கிறார். குடிக்கிற தண்ணீரில் யாரும் கால் வைக்கக்கூடாது என்பது எங்கள் ஊரில் எழுதாத சட்டம். 1964 டிசம்பர் புயல் அழித்த தனுஷ்கோடிக்கு ஒருமுறை மாணவர்களை அழைத்துப் போயிருந்தேன். இரண்டு பக்கமும் கடல். நடுவில் ஓர் அம்மா மணலைக் கையால் தோண்டி, ஊறிவந்த நல்ல தண்ணீரைச் சிரட்டையில் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். உதவி செய்வதாக நினைத்து நானும் ஒரு சிரட்டையை எடுத்து வேகமாக மொண்டேன். "ஆழமா மொள்ளாதீங்கம்மா, உப்பு ஏறிடும்" என்று என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார். பிறகு குடம் நிரம்பும்வரை அவர் தலை நிமிரவில்லை.