எலிக்காய்ச்சல் கிருமிக்கு வெளியே வாலே தெரியவில்லை, ஆனால் நீந்துகிறது. எப்படி? உள்ளே இருக்கும் இழை எதனால் ஆனது?

வால் உண்டு. தோலுக்கு உள்ளே இருக்கிறது, அவ்வளவுதான்.

எலிக்காய்ச்சல் தரும் லெப்டோஸ்பைரா, சிஃபிலிஸ் தரும் ட்ரெப்போனீமா, லைம் நோய் தரும் பொரீலியா எல்லாம் ஸ்பைரோகீட் வகைச் சுருள் பாக்டீரியாக்கள். குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவுக்குக் கசையிழை, அதாவது நீந்த உதவும் வால் போன்ற இழை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இவற்றுக்கோ வெளிச்சவ்வுக்கும் உட்சவ்வுக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில், உடலைச் சுற்றியபடி கிடக்கும். பொரீலியாவுக்கு ஒவ்வொரு முனையிலிருந்தும் 7 முதல் 11 இழைகள். நடுவில் வந்து ஒன்றன்மேல் ஒன்று படியும். லெப்டோஸ்பைராவுக்கு முனைக்கு ஒன்றே ஒன்று. அதுவும் குட்டை, நடுப்பகுதி வரை எட்டாது.

எதனால் ஆனது என்று கேட்டால், பல பாடப்புத்தகங்கள் 'ஃபிளாஜெலின்' என்னும் புரதம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடும். ஈ. கோலைக்கு அது போதும். ஸ்பைரோகீட்டுக்குப் பாதிக் கதைதான். நடுத்தண்டு ஃப்ளா-பி என்னும் ஃபிளாஜெலின் வகைப் புரதங்கள். அதன்மேல் ஃப்ளா-ஏ புரதம் உறையாக வரும். லெப்டோஸ்பைராவில் இவற்றோடு எஃப்சிபி-ஏ, எஃப்சிபி-பி என்று இன்னும் இரண்டு உறைப் புரதங்கள் உண்டு.

என்னைக் கேட்டால் சுவாரசியமே இந்த உறையில்தான். 2020இல் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, உறை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லை என்று தெரிந்தது. இழை வளையும்போது உட்பக்கத்தில் ஒரு வகைப் புரதம், வெளிப்பக்கத்தில் வேறு வகை. இந்த ஏற்றத்தாழ்வுதான் இழையைச் சுருள வைக்கிறது. எஃப்சிபி-ஏ இல்லாத கிருமியில் இழை நேராகிவிடும். கிருமியின் வளைந்த முனைகளும் நிமிர்ந்துவிடும். அப்புறம் அதனால் முன்னேற முடியாது.

டார்க் ஃபீல்ட் மைக்ரோஸ்கோப்பில் நல்ல லெப்டோஸ்பைரா கல்ச்சரை (ஆய்வகத்தில் வளர்த்த கிருமிகளை) பார்த்தால் இதன் அருமை புரியும். கறுப்புப் பின்னணியில் மெல்லிய வெளிச்சக் கீற்று; ஓடும்போது முன்முனை திருகாணி போலச் சுழலும், பின்முனை கொக்கியாக வளைந்திருக்கும். திசை மாற்ற உடலைத் திருப்புவதே இல்லை. கொக்கி சுருளாகும், சுருள் கொக்கியாகும், வந்த வழியே போய்விடும். இழைகளைச் சுழற்றும் மோட்டார்கள் இரு முனைகளிலும் உட்சவ்வில் இருப்பதால்தான் இது முடிகிறது.

இன்னொன்று. கசையிழை போனாலும் லெப்டோஸ்பைராவின் உடல் சுருளாகவே இருக்கும், முனைகள் மட்டும்தான் நேராகும். பொரீலியாவில் ஃப்ளா-பி-யை நீக்கினால் உடலே நேர்க்கோலாகிவிடும். அங்கே இழைதான் எலும்பும்.

ட்ரெப்போனீமாவின் உட்சவ்வுக்கும் உள்ளே, செல்லை நிரப்பும் கூழான சைட்டோபிளாசத்தில், சிஎஃப்பி-ஏ என்ற புரதத்தாலான நாடா போன்ற இழைகளும் உண்டு. நீங்கள் கேட்டது அதையென்றால், அது கசையிழையே அல்ல. பல் ஈறில் வாழும் ட்ரெப்போனீமா டென்டிகோலாவில் அதை நீக்கிப் பார்த்தார்கள்; செல்கள் சரியாகப் பிரியாமல் சங்கிலியாக ஒட்டிக்கொண்டே இருந்தன.