ஒரே வெள்ளை ஒயின் வருடத்துக்கு வருடம் ருசி மாறுவது ஏன்?

பெங்களூரை அடுத்த நந்தி மலைப் பக்கத்து சோவின்யோன் பிளாங்க் (அதே பெயருள்ள திராட்சையில் செய்யும் வெள்ளை ஒயின்) ஒரு வருடம் எலுமிச்சை போலச் சுள்ளென்று இருக்கிறது, அடுத்த வருடம் மந்தமாக இருக்கிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாட்டிலில் போட்டிருப்பது திராட்சை பறித்த வருடம். ஐரோப்பாவில் வசந்தத்தில் துளிர்ப்பதை அதே வருடம் இலையுதிர் காலத்தில் பறிப்பார்கள். நம்ம பெங்களூரில் செப்டம்பர், அக்டோபரில் கவாத்து செய்து பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை. அதனால் 2023 பாட்டிலில் பாதிக் கதை 2022-இன் மழையும் பனியும்தான்.

ராத்திரிக் குளிர்தான் முக்கியம். பழுக்கும்போது சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். சூடு கூடினால், பழத்துக்குப் புளிப்பு தரும் மாலிக் அமிலம் சீக்கிரமே தீர்ந்துவிடும். இரவு 15 டிகிரிக்குப் பக்கம் இறங்கினால் புளிப்பு தங்கும்.

ஒரு பிப்ரவரியில் அல்சூரிலிருந்து விடிகாலையில் கிளம்பி ஒரு தோட்டத்துக்குப் போனேன். ஒரே கொடியில், இலை மறைவில் இருந்த பழம் பல் கூசப் புளித்தது, பச்சைக் குடைமிளகாய் வாசம் வேறு. வெயில் பக்கத்துப் பழம் மஞ்சளாக, அந்த வாசமே இல்லாமல் தித்தித்தது. எனக்கு அந்தப் புளிப்புதான் பிடித்தது!

நவம்பரில் அடைமழை பிடித்தால் அடிச்சாம்பல் நோய் (கொடியைத் தாக்கும் ஒரு பூஞ்சை போன்ற நோய்) வரும், விளைச்சலும் குறையும்.

அப்புறம், இந்த ஒயினை வருடக்கணக்கில் சேர்த்து வைக்காதீர்கள். புதிதாக வந்ததை வாங்கி, நன்றாகக் குளிரவைத்துக் குடியுங்கள்.