ஊக்கால் குத்தலாம், நூல் மட்டும் ஆகாதோ?

கேள்வி: பல் டாக்டரிடம் போனால் 'தினமும் ஃப்ளாஸ் செய்யுங்கள்', அதாவது பல் இடுக்கை நூல் விட்டுச் சுத்தம் செய்யுங்கள் என்கிறார். என் தாத்தா வேப்பங்குச்சியால் பல் துலக்கியே எண்பது வயதில் கரும்பு கடித்தார். அமெரிக்க அரசே இந்த அறிவுரையைக் கைவிட்டுவிட்டதாகவும் படித்தேன். கம்பெனிக்காரர்கள் நம் தலையில் கட்டும் இன்னொரு சரக்குதானே இது?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: தாத்தாவின் பல்லுக்கு ஒரு கும்பிடு. அதே தெருவில் அதே வேப்பங்குச்சியைக் கடித்த மற்றப் பெரியவர்களையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். திண்ணைக்குத் திண்ணை சின்ன இரும்பு உரலில் 'டொக் டொக்' என்று வெற்றிலை பாக்கு இடித்துக்கொண்டிருந்தார்களே, எதற்காக? மெல்லப் பல் இல்லை. கரும்பு கடித்தவரைப் பேரன் பேத்திகள் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள்; உரல் இடித்தவர்களை யாரும் உதாரணம் காட்டுவதில்லை.

அமெரிக்கச் செய்தியில் பாதி உண்மை இருக்கிறது. 2016-இல் வெளியான அந்நாட்டு உணவு வழிகாட்டியில் ஃப்ளாஸ் பற்றிய அறிவுரை காணாமல் போனது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ஆதாரத்தைக் கேட்டுத் துருவியபோது, தேவையான ஆராய்ச்சி நடக்கவில்லை என்று அரசு ஒப்புக்கொண்டது. ஆராயவில்லை என்றுதான் சொன்னார்களே தவிர, ஆராய்ந்து பார்த்துப் பயனில்லை என்று சொல்லவில்லை. 2019-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 35 ஆய்வுகளை அலசியது. பிரஷோடு ஃப்ளாஸும் சேர்ந்தால் ஈறு வீக்கம் குறையக்கூடும் என்றது. ஆதாரம் அவ்வளவு உறுதியானதல்ல என்பதையும் மறைக்கவில்லை.

என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. 2006-இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பில், பள்ளி நடக்கும் நாட்களிலெல்லாம் தேர்ந்தவர்கள் கையால் ஃப்ளாஸ் செய்யப்பட்ட குழந்தைகளுக்கு இடுக்கில் சொத்தை விழும் அபாயம் 40 சதவீதம் குறைந்திருந்தது. தாங்களாகவே செய்துகொண்ட பதின்வயதினருக்குப் பலன் எதுவும் தெரியவில்லை. கோளாறு நூலில் இல்லை, அதைப் பிடிக்கும் கையில்தான் என்று எனக்குப் படுகிறது.

ஆகவே கைப்பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். பூக்காரம்மா அளப்பதுபோல ஒரு முழம் நூல். இரண்டு நடுவிரல்களிலும் சுற்றிக்கொண்டு, நடுவே ஓர் அங்குலம் விறைப்பாகப் பிடியுங்கள். இடுக்கில் வெடுக்கென்று இறக்கினால் ஈறு கிழியும். முன்னும் பின்னும் லேசாக அசைத்து இறக்க வேண்டும். பிறகு நூலை ஒரு பல்லின் பக்கவாட்டில் அணைத்து வளைத்து, ஈறுக்கு அடியில் சற்றே நுழைத்து, மேலும் கீழுமாகத் தேய்க்க வேண்டும். அடுத்தது, அதே இடுக்கின் எதிர்ப்பக்கத்துப் பல். பலரும் இந்த இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். கடைவாய்ப் பல் வரை போய்வந்த நூலை முகர்ந்து பாருங்கள். பிரஷ் எட்டாத இடத்தில் என்ன தங்கியிருந்தது என்று மூக்கே சொல்லும்.

முதல் சில நாட்கள் ரத்தம் வரலாம். அதைக் கண்டு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் ஈறு ஏற்கெனவே வீங்கியிருப்பதால் வரும் ரத்தம் அது. விடாமல் செய்தால் ஓரிரு வாரத்தில் நிற்கும். நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள், அதிலும் சர்க்கரை நோய் உள்ளவர்கள் தள்ளிப்போடவே கூடாது. இடுக்கு அகலமாக இருப்பவர்களுக்கு நூலைவிட, இடுக்குக்கென்றே விற்கும் குட்டி பிரஷ் வசதி.

கம்பெனிக்காரர் விஷயத்துக்கு வருவோம். ஜான்சன் அண்ட் ஜான்சன் பல் நூலுக்குக் காப்புரிமை வாங்கியது 1898-இல். நியூ ஆர்லியன்ஸ் பல் வைத்தியர் லெவி ஸ்பியர் பார்ம்லி, மெழுகிட்ட பட்டு நூலை இடுக்கில் விடச் சொல்லிப் புத்தகத்தில் எழுதியது 1819-இல். லாபம் பார்க்கிறார்கள் என்பது நிஜம், யோசனை அவர்களுடையதல்ல. நம் ஊரில் பிரியாணி சாப்பிட்டு எழுந்ததும் ஊக்கையும் தீக்குச்சியையும் பல்லில் விட்டுக் குடைகிறோமே, அவற்றையும் ஏதோ ஒரு கம்பெனிதானே விற்கிறது?

ஒன்றை மட்டும் உங்கள் பக்கம் நின்று சொல்கிறேன்: வரிசையில் ஃப்ளாஸ் முதலில் வருவதல்ல. ஃப்ளூரைடு கலந்த பேஸ்ட்டால் காலையிலும் இரவிலும் இரண்டு நிமிடம் துலக்குவதுதான் முதலில். இரவில் துலக்கும் வழக்கம் உங்களுக்கு உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் நூல் அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம். துலக்குவதை இன்று ராத்திரியே ஆரம்பியுங்கள்.