அழித்தாலும் திரும்பி வரும் ஃபோல்டர்கள்: பழைய கம்ப்யூட்டர் கேள்வி பதில்

கோலாலம்பூர் செந்தூலில் பல வருடங்களாகப் பழைய கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கிறேன். வேண்டாத ஃபோல்டர்களை நீக்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணே, அப்பாவின் விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் ‘மை மியூசிக்’, ‘மை பிக்சர்ஸ்’ இரண்டையும் எத்தனை முறை அழித்தாலும் திரும்ப வருகின்றன. வைரஸா? (ஆயர் ஈத்தாம்)

வைரஸ் இல்லை தம்பி. அவை விண்டோஸ் தனக்கென்று வைத்திருக்கும் இடங்கள். காணாமல் போனால் அதுவே மறுபடி போட்டுக்கொள்ளும். அதனால் மறைத்துவிடுங்கள்: ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், ‘ஹிட்டன்’ என்பதில் ஒரு டிக். அதற்கு முன் உள்ளே திறந்து பாருங்கள். அப்பா கேமராவிலிருந்து இறக்கிய படங்கள் அங்கேதான் இருக்கும். இன்னொன்று, எக்ஸ்பிக்கான பாதுகாப்பு அப்டேட் 2014 ஏப்ரலிலேயே நின்றுவிட்டது. அந்தக் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் வேண்டாம்.

தம்பி, விண்டோஸ் 7-இல் ‘லைப்ரரீஸ்’ என்று நான்கு இருக்கின்றன. அழிக்கலாமா? (பட்டர்வொர்த், ஓய்வுபெற்ற ஆசிரியை)

லைப்ரரியை அழிக்கலாம் டீச்சர். அது வேறு இடத்தில் இருக்கும் ஃபோல்டர்களைக் காட்டும் பெயர்ப்பலகை மாதிரி, கழற்றினால் வீடு இடியாது. ஆனால் லைப்ரரிக்கு உள்ளே போய் ஒரு ஃபோல்டரை அழித்தால் அசல் ஃபோல்டரே போய்விடும். இந்த வித்தியாசம் தெரியாமல் பேரப்பிள்ளைகளின் படங்களை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். லைப்ரரி மறுபடி வேண்டுமென்றால் இடப்பக்கம் ‘லைப்ரரீஸ்’ மீது ரைட் கிளிக் செய்து, ‘ரிஸ்டோர் டிஃபால்ட் லைப்ரரீஸ்’ கொடுங்கள்.

சி டிரைவ் நிறைந்துவிட்டது. ‘டாக்குமென்ட்ஸ்’ ஃபோல்டரை அழித்துவிட்டு எல்லாவற்றையும் டி டிரைவில் வைக்கலாமா? (பிரிக்பீல்ட்ஸ்)

அழிக்காதீர்கள், இடம் மாற்றுங்கள். முதலில் டி டிரைவில் ‘டாக்குமென்ட்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர் போடுங்கள். பிறகு பழையதன் பிராப்பர்டீஸில் ‘லொக்கேஷன்’ பகுதிக்குப் போய், ‘மூவ்’ அழுத்தி, அந்தப் புது ஃபோல்டரைக் காட்டுங்கள். வெறும் டி டிரைவையே காட்டிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் முழு டிரைவையும் விண்டோஸ் ‘டாக்குமென்ட்ஸ்’ என்றே எடுத்துக்கொள்ளும். அதைச் சரிசெய்வது பெரிய தலைவலி.

நம் ஊரில் சாயங்காலம் இடி மழை வந்தால் சில சமயம் கரண்டும் போய்விடும். ஃபைல்கள் பாதி வழியில் இருக்கும்போது அப்படி ஆனால் எது போனது, எது மிச்சம் என்றே தெரியாது. அதனால் முக்கியமானவற்றை வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிட்டு, காலையில் பசியாறிய பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

விண்டோஸ் 10-இல் ‘3டி ஆப்ஜெக்ட்ஸ்’ என்று ஒன்று. யாருக்கு இது? (கெப்போங்)

முப்பரிமாண உருவங்கள் செய்கிறவர்களுக்காக வந்தது. 2017 கடைசியில் வந்த அப்டேட்டில் ‘திஸ் பிசி’யில் ஏறிக்கொண்டது. நீக்க ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் இடத்தில், கை வைக்க வேண்டும். பழக்கமில்லையென்றால் விட்டுவிடுங்கள், காலியாக இருந்தால் அது இடமே பிடிக்காது.

அண்ணே, 7-இலிருந்து 10-க்கு மாற்றிய பிறகு ‘விண்டோஸ் ஓல்டு’ என்று பெரிய ஃபோல்டர். அழிக்கவா? (பட்டர்வொர்த்)

இதுதான் உண்மையில் இடத்தை விழுங்குவது. அதில் பழைய விண்டோஸ் முழுவதும் இருக்கிறது, சில சமயம் உங்கள் பழைய ஃபைல்களும். உள்ளே ‘யூசர்ஸ்’ ஃபோல்டரைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள், வேண்டியதை வெளியே காப்பி எடுங்கள். என்னிடம் வந்த ஒரு அக்காவின் கல்யாணப் படங்கள் அங்கேதான் கிடைத்தன. சும்மா விட்டால் விண்டோஸே சில நாட்களில் அதை அழித்துவிடும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். அப்புறம் ‘டிஸ்க் கிளீனப்’ திறந்து, ‘கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ்’ அழுத்தி, ‘பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்’ என்பதை டிக் செய்யுங்கள். அழித்தபின் பழைய விண்டோஸுக்குத் திரும்ப முடியாது.

‘டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’ திறக்கவே மாட்டேன் என்கிறது, அண்ணே. விண்டோஸ் 7.

அது ‘யூசர்ஸ்’ ஃபோல்டரைக் காட்டும் வழிகாட்டி மட்டும்தான். பழைய மென்பொருள்கள் வழி தவறாமல் இருக்க வைத்திருக்கிறார்கள். அதைத் தொட வேண்டாம்.