நெட்வேர்க் கண்காணிப்பு மென்பொருள் ஹோட்டலுக்குள் மட்டும்தான் ஓடுகிறது. அதில் எக்ஸ்எஸ்எஸ் ஓட்டை (பிறர் எழுதிய ஸ்கிரிப்டை உங்கள் பிரவுசரில் ஓடவிடும் பிழை) இருந்தால் பெரிய பிரச்சினையா?

நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல், பாதுகாப்பு ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘மீடியம்’ (நடுத்தர ஆபத்து) என்று வந்திருக்கிறது, லொகின் பக்கத்தை வெளியிலிருந்து யாரும் திறக்க முடியாது, அப்படியே விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். ‘உள்ளுக்குள்தானே ஓடுது’ என்ற பேச்சை ஈச்சிலம்பற்று முதல் புல்மோட்டை வரை எல்லா இடத்திலும் கேட்கலாம். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

உங்கள் மென்பொருள் ரவுட்டர், சுவிட்ச், பிரிண்டர் என்று ஒவ்வொரு கருவியிடமும் எஸ்என்எம்பி (கருவிகளின் நிலையை விசாரிக்கும் நெட்வேர்க் முறை) வழியாக நாலு விஷயம் கேட்கிறது: பெயர், விவரம், இருக்கும் இடம், பொறுப்பாளர். சுவிட்ச் என்றால் ஒவ்வொரு போர்ட்டின் குறிப்பையும் கேட்கும். பதிலாக வருவது வெறும் எழுத்து, 255 எழுத்து வரை வரலாம். அதை எழுதியது அந்தக் கருவியைக் கையில் வைத்திருப்பவர். மென்பொருள் அதைத் தரவுத்தளத்தில் போட்டு, பிறகு பக்கத்தில் காட்டுகிறது. காட்டும்போது < > & மற்றும் இரண்டு வகை மேற்கோள் குறிகளை வெறும் எழுத்தாகத் தெரியும்படி மாற்றாமல் விட்டால், பிரவுசர் அதைப் பெயராக எடுக்காது, நிரலாக ஓட்டும். ஓடுவது அட்மினின் பிரவுசரில், அட்மினின் அதிகாரத்தோடு. லொகின் பக்கத்தைத் தொடாமலே காரியம் முடிந்துவிடும்.

எஸ்என்எம்பி மட்டுமல்ல. விருந்தினரின் ஃபோன் டிஎச்சிபிக்கு (ஐபி முகவரி கொடுக்கும் சேவை) அனுப்பும் பெயர், பக்கத்துச் சுவிட்ச் எல்எல்டிபியில் (அயல் கருவிகளுக்குத் தன்னை அறிவிக்கும் முறை) சொல்லும் பெயர், யுடிபி போர்ட் எண் 162இல் வரும் ட்ராப் (கருவி தானாக அனுப்பும் எச்சரிக்கை), 514இல் வரும் சிஸ்லொக் (பதிவுச் செய்தி), அந்நிய வைஃபை பட்டியலில் தெரியும் பெயர், எல்லாமே இதே வழி. வைஃபை பெயருக்கு 32 பைட்தான் இடம் உண்டு. ஆனாலும் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மூன்று பெயர்களை ஒட்டவைத்து ஒரு ஸ்கிரிப்ட் ஆக்க முடியும். கடற்கரையில் ஹொட்ஸ்பொட் போட்டுக்கொண்டு இருப்பவர் உங்கள் வைஃபையில் சேரவே தேவையில்லை.

இது கற்பனை என்பவர்களுக்கு: 2015 டிசம்பரில் ரேப்பிட்7 என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் இதே வகை ஓட்டைகளைப் பெயர்போன கண்காணிப்பு மென்பொருள்களில் காட்டியது. வாட்ஸ்அப் கோல்டில் (WhatsUp Gold, ஃபோனில் உள்ள வாட்ஸ்அப் அல்ல) இருந்த ஓட்டையின் பொதுப் பதிவு எண் சிவிஇ-2015-6005, 16.4 பதிப்பில் திருத்தினார்கள். ஸ்பைஸ்வேர்க்ஸில் இருந்தது சிவிஇ-2015-6021, எஸ்என்எம்பி பதில் ஒன்றே போதுமானதாக இருந்தது.

‘மீடியம்’ என்பதைப் பார்த்து ஆறுதல் அடையவும் வேண்டாம். எக்ஸ்எஸ்எஸ்ஸுக்கு சிவிஎஸ்எஸ் 3.1 (ஓட்டையின் கடுமைக்குப் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போடும் முறை) கணக்கில் வழக்கமாக 6.1 அல்லது 5.4தான் வரும். அந்தப் பக்கத்துக்குப் பின்னால் எத்தனை ரவுட்டரின் பாஸ்வேர்ட் இருக்கிறது என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. ஸ்கிரிப்ட் வாசிக்க முடியாதபடி லொகின் குக்கீக்கு எச்டிடிபி-ஒன்லி போட்டிருக்கிறோம் என்பார்கள். குக்கீயைத் திருடத் தேவையே இல்லை. உள்ளே ஓடும் ஸ்கிரிப்ட் அதே பக்கத்திலிருந்து சிஎஸ்ஆர்எஃப் டோக்கனை (கோரிக்கை உண்மையான பக்கத்திலிருந்து வந்தது என்று காட்டும் இரகசியச் சொல்) வாசித்து, புது அட்மின் ஒருவரைச் சேர்த்துவிடும்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பழைய லினக்ஸ் பெட்டியில் (கணினியில்) நெட்-எஸ்என்எம்பி என்ற மென்பொருளைப் போடுங்கள், அது எஸ்என்எம்பி கேள்விகளுக்குப் பதில் சொல்லும். அதன் கொன்ஃபிக் கோப்பில் இடம் குறிக்கும் வரியில் ‘முன் மண்டபம்’ என்று எழுதி, அதைச் சுற்றி எச்டிஎம்எல்லின் அடிக்கோட்டு டேக் போடுங்கள், ஸ்கிரிப்ட் வேண்டாம். சேவையை மறுபடி தொடங்கி, கருவியைச் சேர்த்து, ஒரு போலிங் சுற்று (மென்பொருள் எல்லாக் கருவிகளையும் ஒருமுறை விசாரிப்பது) முடியும் வரை பொறுங்கள். பக்கத்தில் கோணக் குறிகள் அப்படியே எழுத்தாகத் தெரிந்தால் அந்த இடம் சரி. ‘முன் மண்டபம்’ அடியில் கோடு இழுத்து நின்றால் ஓட்டை. ஒரு பக்கத்தோடு நிறுத்தாதீர்கள். பட்டியலில் சரியாக இருக்கும், வரைபடத்தில் மவுஸை வைத்தால் வரும் சின்னப் பெட்டியில் பிழை வரும். அங்கே இரட்டை மேற்கோள் குறியையும் போட்டுப் பாருங்கள். எச்சரிக்கை மின்னஞ்சல், கிராஃபின் தலைப்பு இரண்டையும் விடாமல் பாருங்கள்.

தாக்குதல் சொல்லிக்கொடுக்கிறேன் என்று யாராவது எழுதக்கூடும். அடிக்கோடு யாரையும் தாக்காது. ஆனால் உங்கள் சொந்தப் பெட்டியில் மட்டும் செய்யுங்கள். அடுத்தவர் நெட்வேர்க்கில் செய்தால் இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது.

திருத்தும் பதிப்பு வந்திருந்தால் முதலில் அதைப் போடுங்கள். போட்ட பிறகும் தரவுத்தளத்தில் பெயர், இடம், குறிப்பு நெடுவரிசைகளில் < குறியைத் தேடுங்கள். சில நிறுவனங்கள் உள்ளே வரும்போது மட்டும் வடிகட்டுவார்கள், ஏற்கனவே உள்ளே கிடப்பது அப்படியே வேலை செய்யும். சரியான வைத்தியம் காட்டும் இடத்தில் மாற்றுவதுதான்.

பதிப்பு வரவில்லையா? மென்பொருள் புதுக் கருவிகளைத் தானாகத் தேடும் எல்லையிலிருந்து விருந்தினர் வைஃபையின் சப்நெட்டை (ஐபி முகவரித் தொகுதியை) இன்றைக்கே எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் எஸ்என்எம்பியின் போர்ட் எண்ணான 161இல் பதில் சொல்லும் எந்த லப்டொப்பும் உங்கள் பட்டியலில் ஏறும். எஸ்என்எம்பியின் பழைய பதிப்பான வி2சி பாவித்தால், பாஸ்வேர்ட் போன்ற கம்யூனிட்டி சொல்லையும் வெளிப்படையாக அந்த லப்டொப்புக்கே கொடுத்துவிடுகிறீர்கள். 162, 514 இரண்டையும் நிர்வாக விலானுக்குள் (நிர்வாகக் கருவிகளுக்கென்று பிரித்த நெட்வேர்க் பகுதி) மட்டும் விடுங்கள். அனுமதித்த ஐபி முகவரிகளின் பட்டியல் மட்டும் போதாது, யுடிபியில் அனுப்புநர் முகவரியைப் பொய்யாகப் போடலாம். எஸ்என்எம்பியின் பாதுகாப்பான பதிப்பான வி3க்கு மாறுவது நல்லது. ஆனால் கைப்பற்றப்பட்ட பிரிண்டர் ஒன்று வி3இலும் கெட்ட பெயரைச் சொல்லும்.

எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்று பிரவுசருக்குச் சொல்லும் சிஎஸ்பி தலைப்பை, மென்பொருளுக்கு முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் வெப் சேர்வரில் போடலாம். முதலில் அறிக்கை மட்டும் தரும் முறையில் ஓட்டுங்கள். பழைய மென்பொருள்களில் பக்கத்துக்குள்ளேயே ஸ்கிரிப்ட் எழுதியிருப்பார்கள், நேரே தடுத்தால் பாதிப் பக்கம் வேலை செய்யாது.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த விஷயங்களைப் படிக்க நல்ல பயிற்சி என்றால் திருகோணமலைப் பிள்ளைகள் இரவு ரயில் ஏறிக் கொழும்புக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. போனாலும் தமிழில் ஒரு கையேடு கிடைக்காது. ஹோட்டல், ஆஸ்பத்திரி, துறைமுகம் எல்லாம் உள்ள ஊர் இது. இங்கேயே ஒரு வகுப்பு வைத்தால் என்ன குறை?

கடைசியாக, ரிசெப்ஷனுக்குப் பின்னால் சுவரில் தொங்கும் டிவியைப் பாருங்கள். அதில் டாஷ்போர்ட் எந்தக் கணக்கில் திறந்திருக்கிறது? அட்மின் கணக்கென்றால், பக்கம் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே கிடக்கும் ஸ்கிரிப்ட் ஓடும், ஆள் ஒருவரும் கிளிக் பண்ண வேண்டியதில்லை. பார்வை மட்டும் உள்ள கணக்கை உருவாக்கி அதற்கு மாற்றிவிட்டு, பயனர் பட்டியலில் நீங்கள் சேர்க்காத பெயர் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள்.